தனிச்சுற்றுக்கு மட்டும்

சிற்றிதழ் வாங்கிப் பழகியவர்களுக்கு 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரி நன்றாகத் தெரியும். முந்நூறு பிரதி அடித்து, பாதியைத் தபாலில் அனுப்பி, மீதியைப் பரணில் அடுக்கிவிடும் பத்திரிகைகளின் உள்ளட்டையில் அது இருக்கும். பெரும்பாலும் அந்த வரி சொன்னபடியே நடந்துவிடும். வெளியே யாரிடமும் போய்ச் சேராது. 1954-இல் லண்டனில் இங்கிலாந்துத் திருச்சபையும் இப்படித் தனிச்சுற்றுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டது. குருமார், மருத்துவர், வழக்கறிஞர் கையில் மட்டும் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தலைப்பைத் தமிழில் 'தன்பாலீர்ப்பு என்னும் சிக்கல்: ஓர் இடைக்கால அறிக்கை' என்று சொல்லலாம். அந்தப் புத்தகம் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. ஒரு அரசுக் குழுவுக்குள் நுழைந்து, நாடாளுமன்றத்துக்குப் போய், சட்டத்தை மாற்றி, கடல் கடந்து டெல்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் அதன் வாடை வந்தது. அது போகாத இடம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அதை அச்சிட்ட வீட்டின் உள்ளறையைத்தான் சொல்லவேண்டும்.

புத்தகம் வந்த அலுவலகத்தின் பெயர் ஒழுக்க நல மன்றம். பெயரைக் கேட்டாலே பிரம்பு ஞாபகம் வரும். அன்றாட வேலை வேறு. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களுக்கு இடம் பார்ப்பது, பிறந்த குழந்தைக்கு வழி செய்வது, தெருவுக்கு வந்துவிட்டவர்களிடம் போய்ப் பேசுவது என்று மறைமாவட்டந்தோறும் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிரசங்க மேடையில் சொல்லப்படும் ஒழுக்கத்துக்கும் சமையலறை வாசலில் வந்து அழும் மனுஷிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த மன்றத்திலிருந்து இப்படி ஒரு புத்தகம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இறையியல் கல்லூரியிலிருந்து வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் மன்றத்தின் பூர்வீகம் கொஞ்சம் விசித்திரமானது. 1939-இல் இரண்டு அமைப்புகளைச் சேர்த்து மன்றத்தை உண்டாக்கினார்கள். அதில் ஒன்று வெள்ளைச் சிலுவைச் சங்கம். 1883-இல் எல்லிஸ் ஹாப்கின்ஸ் என்ற பெண்மணியும் டர்ஹம் ஆயர் லைட்ஃபுட்டும் தொடங்கியது; வாலிபர்களைக் கற்புக்கு உறுதிமொழி எடுக்கவைப்பது அதன் வேலை. அந்தக் காலத்துத் தூய்மை இயக்கங்கள் கொடுத்த நெருக்கடியில்தான் 1885-இல் சிறுமிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. சம்மத வயது 13-இலிருந்து 16 ஆனது. நல்ல சட்டம். ஆனால் கடைசி நேரத்தில், இரவு வெகுநேரம் கழித்து, லபூஷேர் என்ற உறுப்பினர் அதில் ஒரு பிரிவைச் சொருகினார்: இரண்டு ஆண்கள் தனியறையில் செய்தாலும் 'மிகுந்த ஆபாசம்' குற்றம், இரண்டு ஆண்டு சிறை. ஆஸ்கார் வைல்டை 1895-இல் உள்ளே தள்ளியது இந்தப் பிரிவு. மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் பட்டயம் என்று வக்கீல்களே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தூய்மை இயக்கம் பெற்ற சட்டத்தின் முதுகில் ஏறி வந்த அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லி, எழுபது ஆண்டு கழித்து, அதே இயக்கத்தின் பேரப்பிள்ளை எழுதியதுதான் இந்தப் புத்தகம்.

எழுதியதில் முக்கியமான கை டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற குருவானவருடையது. மன்றத்தில் படிப்பு, ஆய்வு, சொற்பொழிவு ஆகியவை அவர் பொறுப்பு. 1952-இல் 'தியாலஜி' என்ற இறையியல் இதழில் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அன்றைக்கு ஒரு குரு இதை அச்சில் தொடுவதே பெரிய காரியம். அதைத் தொடர்ந்து குருமார், மருத்துவர், வழக்கறிஞர் சிலரை மன்றம் ஒன்றாக உட்காரவைத்தது. கூட்டம் போட்டுப் பேசிய விளைவு, இரண்டு ஆண்டில் இடைக்கால அறிக்கை.

அந்த இரண்டு ஆண்டும் இங்கிலாந்தில் லேசான காலம் இல்லை. 1952 மார்ச்சில் கணித மேதை ஆலன் டூரிங் தன்பாலுறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி என்று ஒப்புக்கொண்டார். 1954 ஜூனில் இறந்து கிடந்தார். 1953-இல் நடிகர் ஜான் கில்கூட் கைதாகி அபராதம் கட்டினார். 1954 மார்ச்சில் மான்டேகு பிரபு, அவர் உறவினர் பிட்-ரிவர்ஸ், பத்திரிகையாளர் பீட்டர் வைல்டுபிளட் மூவரும் சிறை சென்றார்கள். பிரபுவுக்கு 12 மாதம், மற்ற இருவருக்கும் 18 மாதம். இவை பெயர் தெரிந்தவர்களின் கதை. 1954 கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இதே குற்றத்துக்காக இருந்தவர்கள் 1,069 பேர். சராசரி வயது 37.

இப்படி ஒரு காலத்தில் ஒருவன் தன் பங்குக் குருவிடம் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவான்? வாயைத் திறந்தால் அது வாக்குமூலம். யாராவது ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் கேட்கிறான் என்றால் போலீசுக்கும் போகமுடியாது. போனால் முதலில் உள்ளே போவது இவன். ஆக, ஆத்துமாவைக் கவனிக்கவேண்டியவருக்கும் கவனிப்பு தேவைப்படுபவருக்கும் நடுவில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுந்து வெளியே போகச் சொல்வதுதான் அந்தப் புத்தகத்தின் உள்நோக்கம் என்று நான் படிக்கிறேன்.

வாதம் இப்படிப் போகிறது. ஒருவருக்கு இயல்பிலேயே அமைந்துவிட்ட ஈர்ப்பு வேறு, அவர் செய்யும் செயல் வேறு. இயல்புக்கு அவர் பொறுப்பாளி இல்லை. செயலைத் திருச்சபை பாவம் என்றே சொல்கிறது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் பாவம் எல்லாம் குற்றமா? விபசாரம் பாவம்; குடும்பத்தை உடைக்கிறது; அதற்காக இங்கிலாந்தில் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. ஆண்களுக்கு மட்டும் ஏன் விலங்கு? பாவத்தை விசாரிப்பது திருச்சபையின் வேலை, மனிதனுக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள கணக்கு. அரசு பார்க்கவேண்டியது சிறுவர்கள் பாதிக்கப்படுகிறார்களா, பலவந்தம் உண்டா, பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லையா என்பதை. மற்றபடி பூட்டிய கதவுக்குப் பின்னால் வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்வதில் அரசுக்கு வேலை இல்லை.

படித்தால் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேசியத் திருச்சபையாக, அரசியையே தலைவியாகக் கொண்ட ஒரு சபையின் அலுவலகத்திலிருந்து இது வந்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். 'எங்கள் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்கள் தடியைக் கீழே போடுங்கள்' என்று அரசிடம் சொல்வதற்குத் திருச்சபைக்கு எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்! அல்லது, தடியைக் கொண்டு யாரையும் திருத்தமுடியாது என்று அந்தப் பெண் பணியாளர்கள் ஐம்பது ஆண்டாகக் கண்ட அனுபவம் வேண்டும்.

புத்தகத்தைப் புனிதமாக்க எனக்கு விருப்பம் இல்லை. இன்றைக்கு ஒரு தன்பாலீர்ப்பாளர் அதைப் படித்தால் பல இடங்களில் முகம் சுளிப்பார். அதில் இரக்கம் இருக்கிறது. ஆனால் நோயாளியைப் பார்க்கும் இரக்கம். குறைபாட்டோடு பிறந்துவிட்டான் பாவம், சிலுவை சுமக்கட்டும், கூட நடப்போம் என்கிற தொனி. அந்த மனிதனுக்கு ஒரு துணை கிடைத்து, வயதான காலத்தில் இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள் என்பது எழுதியவர்களின் கற்பனைக்கு எட்டவில்லை. சட்டத்திலிருந்து விடுதலை, வாழ்நாளெல்லாம் தனிமை: இதுதான் அவர்கள் கொடுத்த பொட்டலம். அந்தப் பொட்டலத்தின் இரண்டாவது பாதியைத்தான் திருச்சபை பிற்பாடு விடாமல் பிடித்துக்கொண்டது.

1954 ஏப்ரல் 28 அன்று நாடாளுமன்றத்தில் டெஸ்மண்ட் டோனலி, ராபர்ட் பூத்பி என்ற இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் தொழிற்கட்சி, ஒருவர் பழமைவாதக் கட்சி, இந்தச் சட்டத்தை ஆராய ஒரு ஆணையம் வேண்டும் என்று கேட்டார்கள். உள்துறை அமைச்சர் மாக்ஸ்வெல் ஃபைஃப்புக்குத் தளர்த்தும் எண்ணமே கிடையாது. ஆனால் பிரபு ஒருவர் சிறையில், பத்திரிகைகளில் தினம் செய்தி, திருச்சபையே மாற்றச் சொல்கிறது. ஒரு குழு போட்டார். ரீடிங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜான் வுல்ஃபென்டன் தலைவர். மொத்தம் 15 பேர். அதில் ஒழுக்க இறையியல் பேராசிரியராக ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கேனன் டெமன்ட்டும் உண்டு.

குழு 62 நாள் உட்கார்ந்தது. ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடமுடியவில்லை. தன்பாலீர்ப்பு, பாலியல் தொழில் இரண்டையும் ஆராய்வது அவர்கள் வேலை. அலுவலகத்துப் பெண்களின் காதில் அந்தச் சொற்கள் விழக்கூடாது என்று 'ஹண்ட்லி', 'பால்மர்ஸ்' என்று சங்கேதப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ரீடிங் ஊரின் புகழ்பெற்ற பிஸ்கட் கம்பெனியின் பெயர் அது. பேச வெட்கப்படும் விஷயத்துக்குத் தின்பண்டத்தின் பெயர் வைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை போலும்.

மன்றம் குழுவிடம் சாட்சியம் கொடுத்தது. தனிச்சுற்றுப் புத்தகத்தில் இருந்த வாதத்தை விரித்து எழுதி, 1956-இல் தனி நூலாகவே வெளியிட்டது. கத்தோலிக்கத் தரப்பில் கர்தினால் கிரிஃபின் அமைத்த ஆலோசனைக் குழுவும் கிட்டத்தட்ட இதே முடிவைச் சொன்னது. பாவத்தின் பட்டியலில் ஒரு வரியும் அழிக்கமாட்டோம், ஆனால் குற்றத்தின் பட்டியலில் இது வேண்டாம் என்று இரண்டு சபைகளும் ஒரே குரலில் சொன்னபோது குழுவுக்குத் துணிச்சல் வந்திருக்கவேண்டும்.

இதற்கிடையில் பெய்லி வேறொரு வேலை செய்தார். மன்றத்துக்காகத் திரட்டிய குறிப்புகள் எல்லாம் சேர்ந்து 1955-இல் ஒரு பெரிய நூலாக வந்தன. தன்பாலீர்ப்பும் மேற்கத்திய கிறிஸ்தவ மரபும் என்பது பொருள். அதன் இதயம் சோதோம் கதை. ஞாயிறு பள்ளிக்குப் போன எவருக்கும் தெரியும்: லோத்துவின் வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்கள், ஊர் ஆண்கள் கதவைச் சூழ்ந்துகொண்டு அவர்களை வெளியே கொண்டுவா என்கிறார்கள், மறுநாள் வானத்திலிருந்து கந்தகமும் அக்கினியும். 'அவர்களை அறியவேண்டும்' என்று ஊரார் சொன்ன அந்த 'அறிதல்' என்ற வினைச்சொல்லைப் பெய்லி எண்ணிப் பார்த்தார். எபிரேயத்தில் 'யாதா'. பழைய ஏற்பாட்டில் 943 இடத்தில் வருகிறது. உடலுறவைக் குறிப்பது ஏறக்குறைய பத்து இடத்தில் மட்டும். மற்ற இடமெல்லாம் வெறும் 'தெரிந்துகொள்ளுதல்'. ஆகவே ஊரார் கேட்டது, ஊருக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் யார், ஒற்றர்களா என்று விசாரிப்பது. அவர்கள் செய்த பாவம் வந்த விருந்தாளியை அவமதித்தது என்றார். நம் வேதாகமமும் ஆதாம் ஏவாளை 'அறிந்தான்' என்றுதான் சொல்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் அந்த வார்த்தையில் ஒரு நிமிஷம் தடுக்கி நின்றுவிட்டுப் போவார்கள்.

எண்ணிக்கை அழகாக இருக்கிறது. வாதம் அவ்வளவு பலமில்லை. அதே அதிகாரத்தில் லோத்து தன் மகள்களைப் பற்றிச் சொல்லும்போது அதே வினைச்சொல் வருகிறது. அங்கே அதன் பொருளில் ஐயமே இல்லை. அறிஞர்கள் பலர் பெய்லியை இந்த இடத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் தட்டிய கதவு திறந்துகொண்டது. சோதோமின் பாவம் கர்வமும், திரண்ட ஆகாரமும், ஏழையின் கையைப் பிடிக்காததும் என்று எசேக்கியேல் 16-ஆம் அதிகாரம் சொல்வதை மறுபடி எடுத்துப் படித்தார்கள். கதவைச் சூழ்ந்தவர்கள் செய்ய நினைத்தது பலாத்காரம், அதை அன்போடு ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது என்றார்கள். இந்த விஷயத்தில் இன்றுவரை நடக்கும் வேத விளக்கச் சண்டையில் பெரும்பகுதி பெய்லியின் எண்ணிக்கையிலிருந்து கிளம்பியதுதான். அவரோ 1962-இல் வெல்ஸ் பேராலயத்துக்குப் போய்விட்டார், 1984-இல் காலமானார்.

1957 செப்டம்பர் 4 அன்று வுல்ஃபென்டன் அறிக்கை வெளிவந்தது. விலை ஐந்து ஷில்லிங். முதலில் அடித்த 5,000 பிரதி சில மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. வயது 21 நிரம்பிய இருவர் தனிமையில் மனமொத்துச் செய்வது குற்றமாகாது என்று பரிந்துரை. எதிர்த்தவர் குழுவில் ஒருவர் மட்டும், கிளாஸ்கோவின் முன்னாள் அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் அடேர். தனிப்பட்ட ஒழுக்கம் என்றொரு பகுதி இருக்கிறது, அதில் சட்டத்துக்கு வேலை இல்லை என்ற அதன் முக்கிய வாதத்தை ஒழுக்க நல மன்றத்தின் புத்தகத்தோடு வைத்துப் படித்தால் ஒரே குரல் கேட்கும்.

காண்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்லர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், அப்படியே பேசுவார். அவரும் ஆதரித்தார். அதே ஆண்டு நவம்பரில் திருச்சபையின் பேரவையில் ஓட்டெடுப்பு நடந்தது: ஆதரவு 155, எதிர்ப்பு 138. பதினேழு ஓட்டு வித்தியாசம். பாவம், குற்றம் என்ற வேறுபாட்டைப் பெரிய சித்தாந்தமாகப் பிற்காலத்தில் பேசுகிறோம். அன்று அது பதினேழு பேர் கையில் ஊசலாடியது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை மறுத்தே விட்டது. அங்கே சட்டம் மாற 1980 வரை ஆயிற்று.

இங்கிலாந்திலும் அரசாங்கம் அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டது. 1958-இல் சட்டச் சீர்திருத்தச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். அதன் முதல் செயலாளரும் ஒரு குருவானவர்தான், ஆண்ட்ரூ ஹாலிடி ஸ்மித். பத்து ஆண்டு இழுத்தது. 1965-இல் பிரபுக்கள் சபையில் ஆரன் பிரபு மசோதா கொண்டுவந்தபோது அடுத்த பேராயர் மைக்கேல் ராம்சே எழுந்து ஆதரித்துப் பேசினார். ஆரன் பிரபு வளைக்கரடிகளைக் காக்கவும் ஒரு மசோதா கொண்டுவந்து தோற்றவர். இது ஜெயித்தது, அது ஏன் தோற்றது என்று கேட்டதற்கு, பிரபுக்கள் சபையில் வளைக்கரடிகள் அதிகம் இல்லையே என்றாராம். கதையோ நிஜமோ, சொல்லாமல் விடமுடியாது.

1967 ஜூலை 27 அன்று சட்டம் வந்தது. அதிலும் ஆயிரம் நிபந்தனை. இருவர்தான் இருக்கவேண்டும், வீட்டில் மூன்றாவது ஆள் இருந்தால் அது தனிமை அல்ல, ராணுவத்தில் செல்லாது, 21 வயது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கைதுகள் கூடின என்பது கசப்பான செய்தி. இயன் பெய்ஸ்லி என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் வட அயர்லாந்தில் 1977-இல் அல்ஸ்டரைச் சோதோமின் பாவத்திலிருந்து காப்போம் என்று கையெழுத்து வேட்டையே நடத்தினார். அங்கே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தலையிட்டு 1982-இல்தான் சட்டம் மாறியது.

சட்டம் வெளியே போன பிறகு, புத்தகம் கேட்ட அந்த மேய்ப்புப்பணியைத் திருச்சபை எப்படிச் செய்தது? மெதுவாக. 1991-இல் ஆயர்கள் ஒரு அறிக்கை தந்தார்கள்: சாதாரண விசுவாசி மனச்சாட்சிப்படி ஒரு துணையோடு வாழ்ந்தால் சபையிலிருந்து தள்ளமாட்டோம், குருவானவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஈர்ப்புக்கு அங்கி போட்டவருக்கு ஒரு சட்டம், போடாதவருக்கு ஒரு சட்டம். 2017 ஜூலையில், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'யைத் தடைசெய்யவேண்டும் என்று திருச்சபையின் பொதுச் சங்கம் வாக்களித்தது. பெய்லியின் காலத்து மருத்துவ நம்பிக்கைக்கு அன்றுதான் முறையாகக் கதவடைத்தார்கள். 2023 பிப்ரவரியில் எட்டு மணி நேர விவாதம். தன்பாலினத் தம்பதிகளுக்காக ஜெபம் செய்யலாம், கல்யாணம் செய்துவைக்கக்கூடாது என்பது தீர்மானம். சங்கத்தின் விசுவாசிகள் அவையில் 103-க்கு 92. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று ஆலயங்களில் முதல் ஜெபம் சொல்லப்பட்டது. 1954 புத்தகத்துக்கு அப்போது 69 வயது.

நம் பக்கம் வருவோம். 1834-இல் சென்னையில் கப்பலிறங்கி, பல்லக்கில் நீலகிரி ஏறிப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்த மெக்காலேதான் இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டத்தின் முதல் நகலை 1837-இல் எழுதிக் கொடுத்தார். அது 1860-இல் சட்டமானபோது தன்பாலுறவைக் குற்றமாக்கும் 377-ஆவது பிரிவு அதில் இருந்தது. இங்கிலாந்தில் 1967-இல் கழற்றிய விலங்கு இங்கே அப்படியே காலில் கிடந்தது. 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.பி.ஷாவும், சென்னையில் வக்கீல் தொழில் தொடங்கிய எஸ்.முரளிதரும் அதைத் தளர்த்தியபோது தீர்ப்பில் வுல்ஃபென்டன் அறிக்கை பெயர் சொல்லி இடம்பெற்றது. தனிச்சுற்றுப் புத்தகத்தின் பிள்ளை அந்த அறிக்கை. தகப்பன் பெயர் தீர்ப்பில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போனவர்கள் பட்டியலில் அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டணி ஒன்றும் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும் இருந்தன. 2013 டிசம்பர் 11 அன்று அவர்கள் ஜெயித்தார்கள். கத்தோலிக்கக் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் மட்டும், தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை ஒருநாளும் குற்றவாளிகளாக நினைத்ததில்லை என்றார். இங்கிலாந்தில் போலீஸ்காரரை வெளியே போகச் சொன்னது சபை. இங்கே போக எழுந்தவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தது சபைக் கூட்டணி. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றமே அதைத் திருத்தியது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021-இல் நடந்த ஒன்று எனக்கு அந்தப் பழைய மன்றத்தை நினைவுபடுத்துகிறது. வீட்டார் துரத்த மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்தார். ஜூன் 7 உத்தரவில் ஈர்ப்பை 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்குத் தடை சொன்னார். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது, பிறகு பேசுவது என்ற முறை மேய்ப்பர்களுக்குத்தான் சொந்தம். அன்று அதை ஒரு நீதிபதி செய்தார். நம் சபைகளில் இன்றும் இப்படி ஒரு பிள்ளையை அழைத்துவந்தால் முதலில் தலையில் கைவைத்துப் பிசாசைத்தான் தேடுகிறார்கள்.

2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ஒரு பேட்டியில் சொன்னார்: தன்பாலீர்ப்பு குற்றமல்ல, பாவமாயிற்றே என்றால், சரி, பாவம் வேறு குற்றம் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம் என்று. உலகமே அதைப் புதுச் செய்தியாகப் படித்தது. இரண்டு வாரத்தில், தென்சூடானிலிருந்து திரும்பும் விமானத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்போதைய காண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும் ஸ்காட்லாந்துத் திருச்சபைத் தலைவரும் அதை ஆமோதித்தார்கள். அறுபத்தைந்து ஆண்டுக்கு முன் மறுத்த அதே ஸ்காட்லாந்துச் சபை. ஆனால் அந்த மே மாதமே உகாண்டாவில் மரண தண்டனை வரை போகும் சட்டம் வந்தது. அங்குள்ள ஆங்கிலிக்கன் பேராயர் நன்றி சொல்லி வரவேற்றார். மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் சிறை போதும் என்பது அவர் காட்டிய இரக்கம். வெல்பி வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

காண்டர்பரி பேராயர் வெறும் வருத்தம் தெரிவிக்கும் நிலையில் இல்லாத ஒரு இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொழும்பு, குருநாகல் என இரண்டு மறைமாவட்டம் கொண்ட இலங்கைத் திருச்சபைக்கு மேலே உள்ள பெருநகரப் பேராயர், காண்டர்பரி பேராயராக இருப்பவரேதான். தமிழிலும் சிங்களத்திலும் அங்கே ஆராதனை நடக்கிறது. இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் மெக்காலே வழி வந்த 365-ஆவது பிரிவும், லபூஷேர் வழி வந்து பிற்பாடு சேர்ந்த 365அ பிரிவும் இன்னும் இருக்கின்றன. 1995-இல் இரண்டாவதை ஒருமுறை திருத்தினார்கள். 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றினார்கள். அதுவரை வெளியே இருந்த பெண்களும் அதற்குள் வந்தார்கள்.